போர்வை யாருக்கு?

2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி சென்னையில் விரிக்கப்பட்ட போர்வையைப் போர்த்திக்கொள்ள ஒரு ராட்சசன்தான் வேண்டும். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நிலக் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெயரில் சுபஸ்ரீ நடராஜன் திரட்டிய பெண்கள் குழு அதைப் பின்னியது. இந்தியாவின் பல நகரங்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரவர் வீட்டில் சதுரம் சதுரமாகப் பின்னியதை, சென்னையில் ஒன்றோடொன்று சேர்த்து இணைத்தார்கள். கின்னஸ் புத்தகம் அதை ஏற்றுக்கொண்டது. முந்தைய ஏப்ரலில் தென்னாப்பிரிக்கர்கள் பிரிட்டோரியாவில் படைத்திருந்த சாதனையைப் போல அது மூன்று மடங்குக்கும் மேல்.

நகரம் அப்போதுதான் வெள்ளத்திலிருந்து எழுந்திருந்தது. 2015 டிசம்பரில் அடையாறும் கூவமும் கரை கடந்து ஓடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கூரையும் பாயும் போனவர்கள் நிறையப் பேர் இருந்த ஊரில் இரண்டே முக்கால் ஏக்கருக்குப் போர்வை விரித்து அளப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் சாதனைக்குப் பிறகு அது என்ன ஆக வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். இணைப்பைப் பிரித்துத் தனித்தனிப் போர்வைகளாக இல்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் திட்டம்.

இந்த யோசனைக்கு முன்னோடியும் தென்னாப்பிரிக்காதான். நெல்சன் மண்டேலா 67 ஆண்டுகள் பொது வாழ்வில் இருந்தார் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவருடைய பிறந்தநாளில் 67 நிமிடம் பிறருக்காகச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். மண்டேலாவிடம் நீண்ட காலம் உதவியாளராக இருந்த ஜெல்டா லா கிரேஞ்ச், 2013 டிசம்பரில் கேரலின் ஸ்டெயின் என்பவருக்கு விளையாட்டாக ஒரு சவால் விட்டார்: 67 போர்வைகள் பின்ன முடியுமா? ஒருத்தியால் ஆகாது என்று தெரிந்ததும் ஸ்டெயின் தோழிகளைக் கூப்பிட்டார். தோழிகள் வேறு தோழிகளைக் கூப்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள், முதியோர் இல்லங்கள், கடைசியில் சிறைக் கைதிகள்வரை ஊசி எடுத்தார்கள்.

குரோஷா என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தின் வாசகிகளில் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாம்பலமாக இருந்தாலும் மாட்டுங்காவாக இருந்தாலும் ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் வெள்ளை நூலில் ஒரு பூவிரிப்பு கிடக்கும். தண்ணீர்ப் பானைக்கு ஓரத்தில் பாசிமணி கோத்த மூடி, சோபா முதுகுக்கு முக்கோணத் துண்டு, பிறக்கப்போகும் பேரனுக்குக் காலுறை. கான்வென்ட்டில் கற்றுக்கொண்ட சித்தி பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொடுப்பார். கருவி ஒரே ஒரு கொக்கி ஊசி. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு இரண்டு ஊசி வேண்டும். கண்ணிகள் வரிசையாக ஊசியிலேயே நிற்கும், ஒன்று நழுவினால் ஏணிபோல இறங்கிக்கொண்டே போகும். குரோஷாவில் எந்த நேரமும் கையில் உயிரோடு இருப்பது ஒரு கண்ணிதான். குக்கர் விசில் அடித்தால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். இந்தியக் குடும்பப் பெண்ணின் நாள் எப்படித் துண்டு துண்டாகப் போகும் என்று அறிந்த யாரோ கண்டுபிடித்ததுபோல இருக்கும்.

சிக்கல் ஒன்று உண்டு. கான்வென்ட் வழியாக வந்தவர்கள் கற்றது பிரிட்டிஷ் கணக்கு. இன்றைக்கு யூ டியூப் பார்த்துக் கற்பவர்களில் பலர் பழகுவது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ்காரர்கள் 'டிரெபிள்' என்று சொல்லும் பின்னலை அமெரிக்கர்கள் 'டபுள்' என்பார்கள். பிரிட்டிஷ் 'டபுள்' அமெரிக்காவில் 'சிங்கிள்'. பாட்டியும் பேத்தியும் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு பின்னினால் பேத்தியின் சதுரம் ஒரு அளவு, பாட்டியின் சதுரம் இன்னொரு அளவு. தனியாகப் பின்னும்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நூறு பேர் பின்னியதைச் சேர்த்துத் தைக்க உட்காரும்போதுதான் ஓரங்கள் சண்டை போடும். அதனால்தான் அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய 'வார்ம் அப் அமெரிக்கா' போன்ற அமைப்புகள் 'எப்படி வேண்டுமானாலும் பின்னுங்கள், அளவு மட்டும் 7 அங்குலத்துக்கு 9 அங்குலம்' என்று விதி வைத்தன. அப்படி 49 துண்டு சேர்ந்தால் ஒரு போர்வை. ஒரு முழுப் போர்வைக்கு நேரமோ நூலோ பொறுமையோ இல்லாதவரும் ஒரு துண்டு பின்னிக் கொடுக்கலாம் என்பதில்தான் அந்த இயக்கத்தின் சூட்சுமம் இருக்கிறது.

குரோஷாவுக்கும் தருமத்துக்கும் உள்ள உறவு பழையது. ஆனால் ஆரம்பத்தில் அது எதிர்த்திசையில் ஓடியது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னிமாடங்கள் ஏழைப் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தன. வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த லேஸைக் கொக்கி ஊசியால் போலியாகப் பின்னி லண்டனுக்கும் பாரிசுக்கும் விற்று எத்தனையோ குடும்பங்கள் உயிர் பிழைத்தன. பட்டினி கிடந்தவர் பின்னினார், வயிறு நிறைந்தவர் வாங்கினார்.

அதே மாதிரி இந்தியாவுக்கும் வந்தது. கால்டுவெல் என்றால் நமக்குத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தான் நினைவுக்கு வரும். அவர் மனைவி எலைசா இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது அந்த வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத சங்கதி. (அது நூலுருளைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை, கொக்கிப் பின்னல் அல்ல.) கொக்கிப் பின்னல் வேர்விட்ட இடம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிகள் கொண்டுவந்த குரோஷா லேஸ் நர்சாபூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் குறியீடு கிடைத்த செய்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டிய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் நர்சாபூரில் தங்கி ஆய்வு செய்து 1982இல் வெளியிட்டது. லேஸ் ஏற்றுமதியாகிறது, வணிகர்கள் மாடி வீடு கட்டுகிறார்கள், பின்னுகிற பெண்ணுக்கோ நாள் முழுக்க உழைத்தால் ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. காரணத்தை அவர் தெளிவாகச் சொன்னார். வீட்டை விட்டு வெளியே போகாத பெண்கள் அவர்கள். எனவே அவர்கள் செய்வது வேலை என்று யாருமே கருதவில்லை. வீட்டுப் பெண் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்வது என்றே வணிகரும் கணவரும் சொன்னார்கள். பொழுதுபோக்குக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வணிக அளவில் குரோஷா பின்னக்கூடிய இயந்திரம் இன்றுவரை வரவில்லை. ஸ்வெட்டர் பின்னலுக்கு இயந்திரம் வந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கொக்கி ஊசி வளைந்து நுழைந்து எடுக்கும் அந்த அசைவு இன்னும் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. ஆகவே பெருநகரக் கடையில் குரோஷாப் பை ஒன்று இருநூறு ரூபாய்க்குத் தொங்கினால், அதை எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார், அவருக்குக் கிடைத்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இப்போது நடுத்தர வர்க்கப் பெண்கள் அதே உழைப்பை முழுக்க இலவசமாகக் கொடுக்கிறார்கள். விரும்பிக் கொடுக்கிறார்கள் என்பது பெரிய வித்தியாசம்தான். இருந்தாலும் 'சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறாள்' என்று வீட்டில் சொல்லும் அந்த வாக்கியத்தில் நர்சாபூரின் எதிரொலி கேட்கத்தான் செய்கிறது.

அடுத்து ஒரு சங்கடமான கணக்கு. ஒரு மீட்டர் சதுரப் போர்வைக்கு அரைக் கிலோவை ஒட்டி அக்ரிலிக் நூல் வேண்டும். பழகிய கைக்கும் இருபது மணி நேரத்தை நெருங்கும் வேலை. நூலுக்கு மட்டும் சில நூறு ரூபாய். அதே பணத்தை எடுத்துக்கொண்டு பானிபட் பக்கம் போனால் என்ன கிடைக்கும்? மேலை நாடுகளில் கழித்துப்போட்ட கம்பளி உடைகளைக் கப்பலில் வரவழைத்து, நிறம்வாரியாகப் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்யும் ஊர் அது. உலகில் எங்கே பூகம்பம் வந்தாலும் நிவாரணப் போர்வைகள் பானிபட்டிலிருந்து போன காலம் ஒன்று உண்டு. இப்போது பாலியெஸ்டர் போர்வைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதுவானாலும் நூல் வாங்கும் காசுக்கு ஆள் உயரத்துக்கு ஆயத்தப் போர்வையே வாங்கிவிடலாம். அது குரோஷாப் போர்வையைவிடக் காற்றையும் நன்றாகத் தடுக்கும். குரோஷாவின் அழகே அதன் ஓட்டைகள். டெல்லியின் ஜனவரிக் காற்றுக்கு அந்த அழகைப் பற்றி அக்கறை இல்லை.

டெல்லிக் குளிர் எப்படிப்பட்டது என்பதற்கு 'கூஞ்ச்' அமைப்பை நிறுவிய அன்ஷு குப்தா பல மேடைகளில் சொன்ன சம்பவம் ஒன்று போதும். பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அனாதைப் பிணங்களை எடுத்துப்போகும் ஒருவரைப் பின்தொடர்ந்தார். குளிர்காலத்தில் அவருக்கு வேலை அதிகம். அவருடைய சின்ன மகள், குளிர் தாங்காத இரவுகளில் பிணத்தைக் கட்டிக்கொண்டு படுப்பதாகச் சாதாரணமாகச் சொன்னாளாம். துணி என்பது நிவாரணப் பட்டியலில் கடைசியில் வரும் பொருள் என்ற எண்ணத்தை மாற்றுவதற்காகவே 1999இல் கூஞ்ச் தொடங்கியது. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே கூஞ்ச்தான் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு வந்து இன்னொரு பாடத்தையும் பார்த்தது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அந்தக் கடற்கரையின் வெயிலுக்கும் வழக்கத்துக்கும் பொருந்தாத உடைகள், கிழிந்தவை, அழுக்கானவை. மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. உடுத்திய துணியோடு மட்டும் உயிர் தப்பியவர்களுக்கும் எதை உடுத்துவது என்பதில் மானம் இருக்கிறது என்பது அனுப்பியவர்களில் பலருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குவியலைப் பொறுக்கி, பிரித்து, வெட்டி, வேறு உபயோகத்துக்கு மாற்ற கூஞ்சுக்கு நெடுநாள் பிடித்தது.

கையால் பின்னியது என்பதற்காக ஒரு பொருள் இந்தக் குவியலில் சேராமல் போய்விடாது. ஐரோப்பிய உதாரணம் ஒன்று. 2013இல் டென்மார்க்கில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகக் குரோஷாவில் ஆக்டோபஸ் பொம்மை பின்னும் இயக்கம் கிளம்பியது. பொம்மையின் கால்கள் தொப்புள்கொடியை நினைவூட்டும், பிள்ளை குழாய்களைப் பிடித்து இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். கேட்கவே இதமாக இருக்கிறது. பல நாடுகளில் பெண்கள் பின்னித் தள்ளினார்கள். ஆனால் குழந்தையின் மூச்சும் இதயத் துடிப்பும் இதனால் சீராகின்றன என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று கிடையாது. மறுபக்கம் தளர்வான பின்னலில் விரல் மாட்டுமா, பஞ்சு வெளியே வருமா, 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தாங்குமா என்பது மருத்துவமனைகளின் கவலை. டென்மார்க்கின் குழுவே நூல் நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும், கால்களின் நீளம் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று கறாராக விதி எழுதியது.

தொப்பியின் கதை வேறு. குறைந்த எடையில் பிறக்கும் குழந்தையின் உடம்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாதது. தலை வழியாகப் போகும் சூடு கணிசம். இன்குபேட்டர் பற்றாக்குறையால் தவித்த கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் இரு மருத்துவர்கள் தொடங்கிய 'கங்காரு' முறையில், பிள்ளை தாயின் வெறும் மார்போடு ஒட்டிக் கட்டப்படுகிறது. அப்போது அதன் உடம்பில் இருப்பது ஒரு அரைத்துணி, காலுறை, தொப்பி, அவ்வளவுதான். 2022இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்தவுடனே இதைத் தொடங்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஆரஞ்சுப் பழ அளவுத் தலைக்குக் கடையில் தொப்பி கிடைப்பது லேசல்ல. பின்னத் தெரிந்தவர் மென்மையான பருத்தி நூலில், ஓட்டையில்லாத நெருக்கப் பின்னலில், ஒரு மாலைப் பொழுதில் இரண்டு முடித்துவிடலாம். நாடா, பொத்தான், மணி எதுவும் கூடாது. கம்பளி குத்தும். பிரசவ வார்டின் நர்ஸிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் அளவில், எண்ணிக்கையில் பின்னினால் அது குவியலில் சேராது.

அதைவிடவும் கைவேலைக்கே உரிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். 2022இல் மட்டும் புதிதாக 1,90,000க்கும் அதிகமானவர்களுக்கு அது வந்ததாக சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. அறுவை சிகிச்சையில் மார்பகத்தை இழந்தவர் வெளியே போவதற்கு செயற்கை மார்பகம் அணிய வேண்டுமானால் சிலிக்கானில் ஆனது கிடைக்கும். விலை சில ஆயிரம், கனமும் அதிகம், நம் ஊர் வெயிலில் அடியில் வியர்த்து வடியும். வாங்க முடியாதவர்கள் கைக்குட்டையையும் பழந்துணியையும் மடித்து வைத்துக்கொண்டு, அது நகர்ந்துவிடுமோ என்று பேருந்தில் ஒரு கையால் மார்பைப் பொத்தியபடி போகிறார்கள். இதைப் பற்றிக் கடைக்காரரிடமும் பேச முடியாது, சில வீடுகளில் கணவரிடமும் பேச முடியாது.

இதற்கு மாற்றாக மென்மையான பருத்தி நூலில் பின்னி, உள்ளே இலேசான பஞ்சு அடைத்த மார்பகங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற பெயரில் பரவிய இந்த யோசனையை இந்தியாவில் எடுத்து நடத்துவது மும்பையின் 'சாயிஷா இந்தியா' அறக்கட்டளை. பின்னுகிறவர்கள் தன்னார்வலர்கள், பெறுகிறவர்களுக்குக் காசு இல்லை. சாதாரண உள்ளாடைக்குள்ளேயே பொருந்தும், துவைத்துக் காயப்போடலாம், பஞ்சைக் கூட்டிக் குறைத்து மறுபக்கத்தின் அளவுக்குச் சரிசெய்துகொள்ளலாம். அறுவைப் புண் முழுக்க ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் அணிய வேண்டும். தழும்பின் மேல் உராயும் பொருள் என்பதால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், முடிச்சு ஒன்றுகூட உள்ளே துருத்தக் கூடாது. எந்த ஆலையும் ஆளுக்கு ஆள் மாறும் இந்த அளவுகளுக்கு இந்த விலையில், அதாவது விலையே இல்லாமல், செய்து தராது. பானிபட் கணக்கு இங்கே செல்லுபடியாகாது.

ஆகவே பின்னத் தொடங்குமுன் யாருக்கு, எந்த ஊருக்கு என்று விசாரிப்பது நல்லது. முதியோர் இல்லத்துக்குச் சால்வையா, படுக்கைப் போர்வையா? துவைப்பது யார், கையாலா இயந்திரத்திலா? கம்பளி நூல் வெந்நீரில் சுருங்கிக் கட்டியாகிவிடும். இல்லத்துப் பணியாளருக்கு அதற்கென்று தனியாகத் துவைக்க நேரம் இருக்காது. அக்ரிலிக் எத்தனை துவைத்தாலும் தாங்கும், பூச்சி அரிக்காது, சீக்கிரம் காயும். ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடுப்போரம் படுக்கும் வீடுகளுக்கு உகந்ததல்ல. உதகை, கொடைக்கானலுக்கு நெருக்கமான பின்னல். சென்னைக்குக் காலை மூடிக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு போதும். வீட்டில் மிஞ்சிய பத்து நிற நூலை ஒழித்துக்கட்ட ஒரு போர்வை பின்னி அதைத் தானம் என்று சொல்வதைப் பெறுகிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

சென்னைக் குழு போர்வையோடு நிற்கவில்லை. 2017 மே மாதம் 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழுத்துத் துண்டு பின்னி அதிலும் கின்னஸ் சாதனை படைத்தது. சாதனை எதற்கு, பேசாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் பின்னாதவர்கள். ஐம்பது வயதுக்கு மேல் வீட்டுக்கு வெளியே தன் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லாத பெண்ணுக்கு, பங்கேற்புச் சான்றிதழ் ஒன்று கூரியரில் வந்து இறங்கும்போது அந்த வீட்டில் சின்னதாக ஏதோ இடம் மாறுகிறது. கும்பகோணத்திலிருந்தும் நாக்பூரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சதுரங்களை இணைக்கும்போது பேசிக்கொள்வது நூலைப் பற்றி மட்டுமா இருக்கும்? விரல் மூட்டு வலி, மருமகள், தனியாக இருக்கும் மதியங்கள் எல்லாம் வந்துவிடும்.

போர்வை போன இடத்தில் யார் பின்னியது என்பது தெரிய வாய்ப்பில்லை. சில குழுக்கள் ஓரத்தில் பெயர்ச்சீட்டு தைத்து அனுப்புகின்றன. சிலவற்றில் அதற்குத் தடை உண்டு. தழும்பின் மேல் அணியும் பொருளில் சீட்டுத் தைத்தால் குத்தும்.